பீருக்கு மாதம் குறித்த குளிர்

வசந்தத்தில் போக் என்ற வலுவான பீர், கோடையில் கோதுமை பீர், செப்டம்பர் இறுதியில் மெர்ட்சன், ஆண்டு முடிவில் கருத்த, வலுவான ஏதோ ஒன்று. இப்படி ஆண்டையே பீரால் பங்கிட்டு வைக்கும் பழக்கம் இன்று உலகெங்கும் சிறு பீர் ஆலைகளில் வேரூன்றிவிட்டது. குடிப்பவரின் ரசனை உண்டாக்கிய வரிசை இது என்றே பலரும் எண்ணுகிறார்கள். வெயிலுக்கு இலேசானது, குளிருக்குக் கனமானது என்று சொன்னால் பொருத்தமாகத்தான் படுகிறது. ஆனால் இந்த வரிசையின் பெரும்பகுதி பிறந்த, ஜெர்மனியின் பவேரியாவின் வரலாறு வேறு காரணத்தைக் காட்டுகிறது. கோடையில் அங்கே நல்ல பீர் காய்ச்ச முடியவில்லை. முடியாத அந்த ஐந்து மாதங்களைச் சமாளிக்கச் செய்த ஏற்பாடுகளே பிற்பாடு ருசியாகவும் மரபாகவும் திருவிழாவாகவும் நிலைத்தன.

இதற்கு முதல் சாட்சி எல்லோருக்கும் தெரிந்த ஒரு சட்டத்திலேயே இருக்கிறது. 1516 ஏப்ரல் 23 அன்று இங்கோல்ஸ்டாட் நகரில் கோமகன்கள் நான்காம் வில்ஹெல்மும் பத்தாம் லுட்விக்கும் பிறப்பித்த பீர் சட்டத்தைப் பற்றிப் பேசும் எவரும், பார்லி, ஹாப் பூ, தண்ணீர் தவிர வேறெதுவும் சேர்க்கக் கூடாது என்ற விதியோடு நிறுத்திக்கொள்கிறார்கள். அந்தச் சட்டம் விலையைப் பற்றியும் விரிவாகப் பேசுகிறது. செப்டம்பர் 29, புனித மிக்கேல் திருநாள் தொடங்கி ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் திருநாள் வரை ஒரு மாஸ், அதாவது ஏறத்தாழ ஒரு லிட்டர், ஒரு பெனிக் நாணயத்துக்கு மேல் விற்கக் கூடாது. மற்ற மாதங்களில் இரண்டு பெனிக்குக்கு மேல் கூடாது. ஒரே பண்டத்துக்குக் கோடையில் இருமடங்கு விலை உச்சவரம்பு வைக்க அரசே முன்வந்தது என்றால், கோடைப் பீர் காய்ச்சுவதும் காப்பதும் எவ்வளவு சிரமமாக இருந்திருக்க வேண்டும்! 1553இல் கோமகன் ஐந்தாம் ஆல்பிரெக்ட் இன்னும் ஒரு படி மேலே போய், அந்த இரண்டு திருநாள்களுக்கு இடைப்பட்ட கோடைக்காலத்தில் பீர் காய்ச்சுவதையே தடை செய்தார்.

தடைக்கான காரணம் தமிழ்ச் சமையலறைக்குப் புதிதல்ல. மார்கழியில் விடிந்த பிறகும் புளிக்காமல் அடம்பிடிக்கும் இட்லி மாவு, சித்திரையில் அரைத்த சில மணி நேரத்திலேயே பொங்கி வழிகிறது. பீரிலும் அப்படித்தான். வெப்பம் ஏறினால் ஈஸ்ட் கட்டுமீறிப் போகும்; அதோடு காற்றில் திரியும் பாக்டீரியாக்களும் சேர்ந்து பானத்தைப் புளிப்பாக்கிக் கெடுத்துவிடும். 1876இல் பீர் பற்றிய நூலில் லூயி பாஸ்டர் விளக்கும்வரை இதன் உள்விவரம் காய்ச்சுபவர்களுக்குத் தெரியாது. கோடைப் பீர் கெடும் என்பது மட்டும் தெரியும். ஆகவே குளிர்காலத்தில் மட்டும் காய்ச்சினார்கள். தலைமுறை தலைமுறையாகக் குளிரிலேயே வேலை செய்ததால், குளிர் தாங்கி மெதுவாகப் புளித்து அடியில் படியும் ஈஸ்ட் வகை அவர்கள் தொட்டிகளில் நிலைபெற்றது. இன்று உலகம் குடிக்கும் லாகர் பீரின் ஈஸ்ட் இதுதான். மனிதன் போட்ட ஒரு தடை ஒரு நுண்ணுயிரின் வாழ்வை இவ்வளவு தூரம் தீர்மானித்தது வியப்புக்குரியது.

தடை வந்ததும் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. காய்ச்ச முடியாத மாதங்களில்தான் தாகம் அதிகம். எனவே தடை தொடங்குவதற்கு முன், மார்ச்சில், மால்ட்டும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஹாப்பும் கூடுதலாகப் போட்டு வலுவாகக் காய்ச்சி, கோடை முழுவதற்கும் சேமித்தார்கள். அதுதான் மெர்ட்சன். அதைக் காக்க மியூனிக்கில் ஆழமான நிலவறைகள் தோண்டினார்கள். குளிர்காலத்தில் குளங்களிலும் ஏரிகளிலும் உறைந்த பனிக்கட்டியை அறுத்து வந்து உள்ளே அடுக்கினார்கள். நிலவறைக்கு மேலே வெயில் விழாதிருக்கக் குதிரைச் செஸ்நட் மரங்களை நட்டார்கள். அதன் இலை அகலமானது, நிழல் அடர்த்தியானது. வேர் ஆழமாகப் போகாது என்பதால் கீழேயுள்ள வளைவுக் கூரைக்குச் சேதம் இல்லை. தரையில் சரளைக்கல் பரப்பினார்கள். நிழலும் குளிர்ந்த பீரும் ஓரிடத்தில் இருக்க, மக்கள் தானாக வந்து உட்கார்ந்தார்கள். விடுதிக்காரர்கள் முறையிட்டதன் பேரில் 1812 ஜனவரி 4 அன்று மன்னர் முதலாம் மாக்சிமிலியன் யோசப் ஓர் ஆணை பிறப்பித்தார்: ஜூன் முதல் செப்டம்பர் வரை காய்ச்சுபவர்கள் தங்கள் நிலவறையிலேயே தங்கள் மெர்ட்சனை விற்கலாம், ரொட்டி தவிர வேறு உணவு பரிமாறக் கூடாது. மியூனிக்கின் பீர்த் தோட்டங்களுக்கு உணவை வீட்டிலிருந்தே கட்டி எடுத்துச் செல்லும் வழக்கத்தின் வேர் இந்த ஆணையில்தான் இருக்கிறது. மரம், சரளை, கட்டுச்சோறு என ஒவ்வொன்றும் கெடாமல் காக்கும் ஏற்பாட்டிலிருந்து வந்தது.

கோடைத் தடை அரண்மனைக் கஜானாவை நிரப்பச் செய்த தந்திரம் என்று சிலர் வாதிடுவார்கள். அதற்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. கோதுமை பீருக்கு மேலே மிதந்து புளிக்கும், வெப்பம் தாங்கும் ஈஸ்ட் போதும். கோடையிலும் அதைக் காய்ச்சலாம். 1602இல் டேகென்பெர்க் குடும்பத்தின் வாரிசு அற்றுப்போனதும், அவர்களிடமிருந்த கோதுமை பீர் உரிமையைக் கோமகன் முதலாம் மாக்சிமிலியன் தன்வசமாக்கிப் பெரும் வருவாய் ஈட்டினார். ஆனால் தடை வந்தது அதற்கு ஏறக்குறைய அரை நூற்றாண்டுக்கு முன்பு. இருமடங்கு விலையோ அதற்கும் முந்தையது. லாபம் பின்னால் வந்த விளைவு. தவிர, வெப்பம் தாங்கும் ஈஸ்டுக்குப் பருவக் கட்டுப்பாடு தேவைப்படவில்லை என்ற உண்மை, பருவக் கட்டுப்பாட்டின் மூலகாரணம் வெப்பம்தான் என்பதையே உறுதிசெய்கிறது.

இன்னொரு மறுப்பு சமயத்தின் பக்கமிருந்து வரும். தவக்கால நோன்புக்காகத் துறவிகள் காய்ச்சியதல்லவா வலுவான சால்வடோர் பீர்? ஆம், மியூனிக்கின் பவுலானர் துறவிகள் காய்ச்சினார்கள்தான். ஆனால் அவர்களுடைய சபை இறைச்சியும் முட்டையும் பாலும் ஆண்டு முழுவதும் விலக்கிய சபை. நோன்பு மட்டுமே காரணமென்றால் அந்தப் பீர் பன்னிரண்டு மாதமும் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்க வேண்டும். அது பேர்பெற்றதோ அவர்களுடைய நிறுவனர், பவோலா பிரான்சிஸின் திருநாளான ஏப்ரல் 2ஐ ஒட்டி. குளிர்காலத்தில் காய்ச்சிய பீர் நிலவறையில் முதிர்ந்து பதமாகும் நேரம் அது. சமயம் நாளைக் குறித்தது. அந்த நாளுக்குள் பொருளைத் தயாராக்கிக் கொடுத்தது குளிர்.

இந்தக் கட்டு எப்படி அவிழ்ந்தது என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். நிலவறைகளும் பனிக்கட்டிச் சேமிப்பும் பெருகவே, 1850இல் கோடைத் தடை நீக்கப்பட்டது. மியூனிக் பேராசிரியர் கார்ல் ஃபான் லிண்டே 1870களில் ஸ்பாட்டன் ஆலை உரிமையாளர் காப்ரியேல் செட்ல்மாயரின் ஆதரவுடன் குளிர்பதன இயந்திரத்தை உருவாக்கினார். 1879இல் அதற்கெனவே ஒரு நிறுவனமும் தொடங்கினார். அதன்பின் ஜூலையிலும் மெர்ட்சன் காய்ச்சலாம்.

அப்படியானால் இன்றைய பருவ பீர் வெறும் விற்பனை உத்திதானே என்று கேட்டால், பெரும்பாலும் ஆம் என்றே ஒப்புக்கொள்ள வேண்டும். ஆகஸ்டிலேயே கடைக்கு வரும் பூசணிக்காய் பீருக்கு இலையுதிர்காலத்தோடு உள்ள உறவு சீட்டில் அச்சிட்ட படம் மட்டுமே. ஆனால் எல்லாவற்றையும் இந்த ஒரே கணக்கில் தள்ளுவது தவறு. பறித்த ஹாப் பூவை உலர்த்தாமல் ஏறக்குறைய ஒரு நாளுக்குள் கொப்பரையில் போட்டுக் காய்ச்சும் பீரை, வட அரைக்கோளத்தில் அறுவடை நடக்கும் ஆகஸ்ட் கடைசியிலும் செப்டம்பரிலும் மட்டுமே செய்ய முடியும். எந்த இயந்திரமும் அதை மாற்றவில்லை. பிரஸ்ஸல்ஸைச் சுற்றிக் காய்ச்சப்படும் லாம்பிக் இதைவிடக் கண்டிப்பானது. கொதித்த தானியச் சாற்றை அகலமான, ஆழமில்லாத திறந்த தொட்டியில் இரவு முழுவதும் ஆறவிடுகிறார்கள். ஈஸ்ட் யாரும் சேர்ப்பதில்லை. காற்றில் வருவதே போதும். இரவு குளிர்ந்தால்தான் வேண்டாத கிருமிகள் அடங்கியிருக்கும். அதனால் அக்டோபர் முதல் ஏப்ரல் வரைதான் வேலை. பருவ பீரை விரும்பி வாங்குபவர்கள் சீட்டிலுள்ள மாதத்தைப் பார்ப்பதோடு நிற்காமல், அந்த மாதத்தில் மட்டும் அதைக் காய்ச்ச என்ன காரணம் என்று ஆலைக்காரரிடம் கேட்க வேண்டும். பதில் உள்ளவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2015 நவம்பரில் இரவுகள் போதுமான அளவு குளிராததால், பிரஸ்ஸல்ஸின் காந்தியோன் ஆலை லாம்பிக் காய்ச்சுவதை நிறுத்திவைக்க வேண்டியதாயிற்று.