இன்னார் மனைவி

1951-52 முதல் பொதுத்தேர்தலுக்கான வாக்காளர் பட்டியலிலிருந்து சுமார் 28 லட்சம் பெண்கள் நீக்கப்பட்டார்கள். இன்னார் மனைவி, இன்னார் தாய் என்றே பதிந்திருந்தார்கள். தம் பெயரைச் சொல்லவில்லை. பெரும்பாலோர் வடமாநிலத்தவர். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் உறவுமுறையைப் பெயராக ஏற்க மறுத்தார்.

சென்னை மாகாணப் பெண்களுக்கு 1921லேயே வாக்குரிமை கிடைத்தது. ஆனால் சொத்துத் தகுதி உள்ளவர்களுக்கு மட்டும். 1935 சட்டம் கணவனின் சொத்துத் தகுதியை வைத்தும் மனைவிக்கு வாக்குரிமை தந்தது. அங்கும் அவள் இன்னார் மனைவிதான்.

இன்று விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளுக்குச் சுற்றுக் கிராமங்களிலிருந்து வேலைக்கு வரும் பெண்ணுக்குப் பட்டியலில் சொந்தப் பெயர் இருக்கிறது. ஆனால் எந்த ஊர்ப் பட்டியலில்? கல்யாணமானதும் பெயரைப் புகுந்த ஊருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். வீட்டில் யாரும் அதைச் செய்யாவிட்டால், அவள் தண்ணீர் பிடிக்கும் குழாயைப் பராமரிக்கும் ஊராட்சியில் அவளுக்கு வாக்கில்லை.

2019 டிசம்பரில் நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் வாக்காளருக்கு நான்கு வாக்குகள்: ஊராட்சி வார்டு உறுப்பினர், ஊராட்சித் தலைவர், ஒன்றியக் கவுன்சிலர், மாவட்டக் கவுன்சிலர். இடங்களில் பாதி பெண்களுக்கு. பட்டியல் மாறாத மருமகளுக்கு அந்த நான்கும் இல்லை.

என் மாணவிகளிடம் சொல்வது இதுதான்: பதினெட்டிலும், கல்யாணத்துக்குப் பிறகும், படிவத்தை நீங்களே நிரப்புங்கள்.