சிங்க் – ஒத்திசைவு

“அந்த டேபிளில் மாற்றியாச்சு, இதில் இன்னும் சிங்க் ஆகலை” என்பது கணினி அலுவலகங்களில் அன்றாடப் பேச்சு. சிங்க், ‘சிங்க்ரனைஸ்’ என்பதன் குறுக்கம். கிரேக்கத்தில் ‘சின்’ என்றால் உடன். ‘க்ரோனோஸ்’ என்றால் காலம். ஒரே நேரத்தில் நிகழ்வது என்பதே பழைய பொருள். நாள்பட்ட நோயைச் சுட்டும் ‘க்ரானிக்’கும் அதே காலவேரில் பிறந்ததுதான். பேசும்படம் வந்தபின் ‘சிங்க்’, உதட்டசைவும் ஒலியும் பொருந்துவதற்குப் பெயரானது. நம் டப்பிங் கூடங்களில் இன்றும் அப்படித்தான். தரவுத்தளத்துக்கு வந்ததும் காலம் பின்னுக்குப் போய், உடன்பாடு முன்னுக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளர் அட்டவணையில் ஒருவரின் எண் 104 என்பது 204 ஆனால், ஆர்டர் அட்டவணையில் அவருக்குரிய ஒவ்வொரு வரியும் 204 ஆக வேண்டும். தரவுத்தள மொழியான எஸ்கியூஎல்லில் இதற்கு ‘ஆன் அப்டேட் கேஸ்கேடு’ என்று எழுதுவார்கள். கேஸ்கேடு என்றால் அருவி. விழுதலைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லின் வழி வந்தது. மேலிருந்து கீழிறங்கும் மாற்றத்துக்கு அழகான பெயர்! சிங்க்கைத் தமிழில் ‘ஒத்திசைவு’ என்கிறோம். அதைப் பாட்டோடு மட்டும் சேர்த்துப் பார்க்க வேண்டியதில்லை. இசைதல் என்றால் இணங்குதல்; இசைவுக் கடிதம் என்று இன்றும் எழுதுகிறோமே. அட்டவணைகள் ஒன்றுக்கொன்று முரணாமல் இருப்பதை, கிரேக்கக் காலச்சொல்லைவிட இதுவே நெருங்கிச் சொல்கிறது என்பேன். வினையாக்கினால் ‘ஒத்திசை’, திரையில் ஒரு பொத்தானுக்குள் தாராளமாக அடங்கும்.