பீதி நோய்க்கான உளவியக்கப் பேச்சு சிகிச்சை

திடீரென நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, 'உயிர் போகப்போகிறது' என்ற பயம் சில நிமிடங்களில் உச்சத்துக்கு ஏறுவது பீதித் தாக்கு. அந்தப் பயத்துக்கு அடியில் கிடக்கும் உணர்ச்சிகளைப் பேச்சின் வழியே கண்டறிந்து நோயைத் தணிப்பது உளவியக்கப் பேச்சு சிகிச்சை.

இதன் வேர் சிக்மண்ட் பிராய்டிடம் இருக்கிறது. ஆஸ்திரிய மலை விடுதி ஒன்றில் உணவு பரிமாறிய இளம்பெண், பதிவேட்டில் பார்த்து அவர் மருத்துவர் என்று அறிந்து தன் மூச்சுத்திணறலைச் சொன்னாள். தொண்டை நெரிபடும், கோரமான முகம் ஒன்று முறைக்கும். பிராய்டு அவளோடு ஒரே ஒருமுறை பேசினார்; உறவினர் ஒருவர் அவளிடம் தகாதபடி நடந்தது அப்போது வெளிப்பட்டது. 'கத்தரினா' என்ற பெயரில் 1895இல் அதை வெளியிட்டபோது, அப்படி நடந்தவர் மாமா என்று எழுதினார். தந்தைதான் என்று 1924இல் திருத்தினார். அந்தப் பெண்ணின் பயத்துக்கு எவ்வளவு நியாயம் இருந்தது என்பது அத்திருத்தத்தில்தான் தெரிகிறது.

அதே 1895இல் இத்தகைய தாக்குகளைப் 'பதற்ற நரம்புநோய்' என்று தனியே வகுத்தபோது, அதன் காரணம் உடல் சார்ந்தது, பேச்சால் தீராது என்றே பிராய்டு கருதினார். 1926இல் கருத்தை மாற்றிக்கொண்டார்: பதற்றம் என்பது வரவிருக்கும் ஆபத்துக்கு, குறிப்பாகப் பிரிவுக்கும் இழப்புக்கும், மனம் கொடுக்கும் எச்சரிக்கை.

பின்னர் மருந்து முன்னால் வந்தது. நியூயார்க்கின் ஹில்சைடு மருத்துவமனையில் டொனால்டு கிளைன், இமிப்ரமின் மாத்திரை பீதித் தாக்கை நிறுத்துவதைக் கண்டு 1960களில் எழுதினார். 1980இல் அமெரிக்க மனநோய்க் கையேடு பீதி நோயைத் தனி நோயாக ஏற்றது. அறிதிறன் நடத்தை சிகிச்சையும் ஆய்வுச் சான்றுகளோடு வளர்ந்தது. பேச்சு சிகிச்சையாளர்களிடமோ தனி நோயாளிகளின் கதைகளே இருந்தன.

அந்தக் குறையைத் தீர்க்க முனைந்தவர் கார்னெல் மருத்துவக் கல்லூரியின் பார்பரா மில்ராட். ஃபிரெடரிக் புஷ் முதலியோருடன் அவர் எழுதிய சிகிச்சைக் கையேடு 1997இல் வந்தது. வாரம் இருமுறையாக 24 அமர்வுகள். நெருங்கியவர் மீது எழும் கோபம் அவரையே இழக்கச் செய்துவிடுமோ என்ற அச்சம் பலருக்குத் தாக்கின் அடியில் இருக்கிறது என்பது இதன் அடிப்படைக் கருத்து. ஆகவே கடைசி அமர்வுகளுக்குத் தனி எடை உண்டு: சிகிச்சையாளரைப் பிரியும் வருத்தமும் கோபமும் அங்கேயே வாய்விட்டுச் சொல்லப்படுகின்றன.

2007இல் வெளியான ஆய்வில் 49 பேர் பங்கேற்றனர். இச்சிகிச்சை பெற்றவர்களில் 73 விழுக்காட்டினரும், தசைத் தளர்வுப் பயிற்சி பெற்றவர்களில் 39 விழுக்காட்டினரும் முன்னேறினர். 2016இல் வெளியான, 201 பேர் பங்கேற்ற ஆய்வின் முடிவு இடத்துக்கு இடம் மாறியது: நியூயார்க்கில் சிகிச்சைகளுக்குள் பெரிய வேறுபாடு இல்லை, பிலடெல்பியாவில் அறிதிறன் நடத்தை சிகிச்சை இச்சிகிச்சையை முந்தியது.