ஈழத்துத் தோட்டத் தொழிலாளரும் துண்டு முறையும்

கைத்தொழிற் புரட்சி என்றதும் நம் மாணாக்கரின் நினைவுக்கு வருவன மாஞ்செஸ்டர் நகரத்துப் பஞ்சாலைகளும், ஜேம்ஸ் வாட் சீர்ப்படுத்திய நீராவி இயந்திரமும், நிலக்கரிச் சுரங்கங்களில் உழன்ற சிறுவருமேயாம். அப்புரட்சியின் கிளையொன்று நம் ஈழத்து மலைச்சாரல்களிலும் வேரூன்றியதென்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. தேயிலைத் தோட்டத்தில் நேரங் குறித்துத் தொடங்கும் வேலையும், நிறுவையால் அளக்கப்படும் உழைப்பும், கொழுந்தை வாட்டி அரைத்து உலர்த்தும் இயந்திரச்சாலையும், இலாபத்தை எதிர்நோக்கி இலண்டனில் இருந்த பங்காளரும் ஆகிய யாவும் ஆலைத்தொழிலின் இலக்கணங்களேயாகும். அத்தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களைக் கட்டிவைத்தது இரும்பு விலங்கன்று, கடனே. அக்கடன் எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வளர்ந்தது, எவ்வாறு சட்டத்தின் துணையைப் பெற்றது என்பவற்றை ஈண்டுச் சுருக்கமாக ஆராய்வாம்.

1830ஆம் ஆண்டுகளில் கண்டிப் பகுதிகளிற் கோப்பிப் பயிர்ச்செய்கை விரைந்து பரவியது. காடு வெட்டவும், கன்று நடவும், பழம் பறிக்கவும் ஆட்கள் வேண்டியிருந்தனர். சொந்த நிலத்தை உழுதுண்ட சிங்களக் குடியானவர் தோட்டங்களில் நிலையான கூலிவேலையை விரும்பினாரல்லர். எனவே தோட்டத் துரைமார் தென்னிந்தியாவை நோக்கினர். திருச்சிராப்பள்ளி, மதுரை, இராமநாதபுரம், சேலம், தஞ்சாவூர், புதுக்கோட்டை முதலிய பகுதிகளில் நிலமற்றோரும், பண்ணையாட்களாய் வாடியோரும், பஞ்சத்தால் நொந்தோரும் மிகப் பலர். அவர்கள் படகேறி மன்னார்க் கரையை அடைந்து, நூறு மைலுக்கு மேற்பட்ட காட்டுவழியைக் கால்நடையாய்க் கடந்து மாத்தளையை அடைந்தனர். பேதியும் பசியும் மலைக்காய்ச்சலும் வழியிலேயே பலரை மாய்த்தன. தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே கப்பற்சேவையோடு கூடிய புகைவண்டித் தொடர்பு ஏற்பட்டது 1914ஆம் ஆண்டிலேயாம்.

கோப்பிக் காலத்திற் பெரும்பாலோர் பழம் பறிக்கும் பருவத்தில் வந்து, அது முடிந்ததும் ஊர் திரும்பினர். 1869ஆம் ஆண்டிற் காணப்பட்ட இலைநோய் கோப்பியை நாளடைவில் அழித்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துறைத் தோட்டத்திற் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அதனிடத்தைப் பிடித்தது. தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்து பறிக்க வேண்டும். ஆகவே தொழிலாளர் மனைவி மக்களோடு தோட்டத்து லயங்களிலே நிலையாகத் தங்கலாயினர். கடன் முறை முழு வலிமை பெற்றதும் இக்காலத்திலேயே.

ஆள் திரட்டும் பொறுப்பு கங்காணியிடம் இருந்தது. துரையிடம் முற்பணம் பெற்ற கங்காணி தன் ஊருக்குச் சென்று, உறவினரையும் அயலவரையும் அழைத்து வந்தான். ஊரில் இருந்த பழைய கடனைத் தீர்த்தல், வழிச்செலவு, உணவு, கம்பளி முதலியவற்றிற்குச் செலவான தொகை தொழிலாளியின் பேரிற் பற்றெழுதப்பட்டது. ஆகவே முதல் நாள் வேலைக்குப் பெரட்டுக்களத்தில் நின்றபோதே அவன் கடனாளியாக நின்றான். அதன்பின் அரிசியும் சம்பளத்திற் கழிக்கப்பட்டது. சம்பளமோ மாதக் கணக்கிற் பிந்தியது. முழுநாள் வேலைக்கு ஒரு 'பேர்' பதியப்படும். குறித்த அளவு கொழுந்து குறைந்தால் 'அரைப்பேர்' மட்டுமே கிடைக்கும். இத்தகைய கணக்கை எழுதியவர் கணக்கப்பிள்ளை. எழுத்தறியாத தொழிலாளி அதனைச் சரிபார்க்க வழியில்லை. கங்காணிக்கோ தன் கூட்டத்தில் வேலைக்கு வந்த ஒவ்வொருவர் பேரிலும் தலைக்காசு கிடைத்தது. உறவின்முறையில் மாமனாகவும் அண்ணனாகவும் இருந்தவனே கடன் கொடுத்தவனாகவும், வேலை வாங்குபவனாகவும் இருந்தமையால், எதிர்த்துப் பேசுதல் எளிதாயிருக்கவில்லை.

இம்முறையின் உச்சமே 'துண்டு' ஆகும். தொழிலாளி ஒரு தோட்டத்தை விட்டு வேறொரு தோட்டத்திற்குச் செல்ல விரும்பின், அவன் கடன் இவ்வளவு என்றும், அதனைச் செலுத்துவோரிடம் அவனை விடுவிக்கலாம் என்றும் எழுதிய சீட்டொன்று வேண்டும். அச்சீட்டின்றி வேறு துரைமார் அவனை ஏற்கமாட்டார். புதிய துரை கடனைக் கட்டினால், கடன் தீர்ந்துவிடாது; கடன்காரர் மாறுவார், அவ்வளவே. பெரிய கங்காணிகள் சிலர் தம் கூட்டத்தாரின் துண்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு, கூடுதலான முற்பணம் தரும் தோட்டத்தைத் தேடினர். பெற்ற தொகையின் ஒரு பகுதி கங்காணியின் மடியிற் சேர, முழுத்தொகையும் தொழிலாளர் தலையிற் சுமந்தது. இலங்கையில் அடிமைமுறை 1844ஆம் ஆண்டில் ஒழிக்கப்பட்டது. ஆயினும் மனிதனுக்கு விலை குறிக்கும் வழக்கம், கடன் என்னும் பெயரில் அதன் பின்னரும் நிலவிற்று என்பது மிகையன்று.

சட்டம் எந்தப் பக்கத்தில் நின்றது? 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டப்படி, முன்னறிவித்தலின்றி வேலையை விட்டு நீங்கிய தொழிலாளி குற்றவாளி, அவனைச் சிறையிலிடலாம். சம்பளத்தை நிறுத்திவைத்த துரை மீது தொழிலாளி வழக்குத் தொடுக்கலாம் என்பது உண்மையே. எனினும் தோட்டத்தை விட்டு மலையிறங்கி நீதிமன்றம் செல்வதற்கே துரையின் அனுமதி வேண்டியிருந்த ஒருவனுக்கு அவ்வுரிமை எட்டாக்கனியாகும். இங்கிலாந்திலோ வேலை ஒப்பந்தத்தை மீறிய தொழிலாளியைச் சிறையிடும் சட்டம் 1875ஆம் ஆண்டிலேயே நீக்கப்பட்டது. ஆங்கிலத் தொழிலாளிக்குப் பொருந்தாதெனக் கண்ட தண்டனை, ஆங்கிலேயர் ஆண்ட ஈழத்தில் மேலும் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிலைத்திருந்தது. இவ்வேறுபாட்டை மாணாக்கர் கருத்திற் கொள்ளல் வேண்டும். கைத்தொழிற் புரட்சியின் கொடுமைகள் காலப்போக்கிற் குறைந்தன என்று கூறும்போது, எந்நாட்டில், யாருக்கு என்ற வினாவும் உடன் எழுதல் முறையாகும்.

இந்நிலையை மாற்ற முன்வந்தோருள் சேர் பொன்னம்பலம் அருணாசலம் முதன்மையானவர். 1919ஆம் ஆண்டில் அவர் தோற்றுவித்த இலங்கைத் தொழிலாளர் நலவுரிமைச் சங்கம், சிறைத்தண்டனைச் சட்டத்தை எதிர்த்து நின்றது. இந்தியாவிலும் கண்டனக் குரல் வலுத்தது. 1921ஆம் ஆண்டில் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. சிறைத்தண்டனை விதிகளும் அக்காலத்தை ஒட்டி நீங்கின. 1927ஆம் ஆண்டிற் குறைந்தபட்சச் சம்பளச் சட்டம் நிறைவேறியது. அதன்படி மலைநாட்டில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், சிறுவருக்கு 32 சதம் என வரையறுக்கப்பட்டன. தேயிலைக்கு உயிரான கொழுந்தைப் பெரிதும் பறித்தவர் பெண்களே. குறைந்த கூலி அவர்க்கே விதிக்கப்பட்டது. சமசம்பளம் 1984ஆம் ஆண்டிலேயே வந்தது.

சட்டம் மாறினும் அஞ்சாது நிற்கும் துணிவைத் தொழிலாளர் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. தஞ்சையிலிருந்து வந்த கோ. நடேசையர் 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனச் சங்கம் அமைத்தார். அவர் மனைவியார் மீனாட்சியம்மாள் பாடல்களால் அம்மக்களைத் தட்டியெழுப்பினார். 1940ஆம் ஆண்டு சனவரி மாதத்தில், ஹேவாஹெட்டைப் பகுதியைச் சேர்ந்த முல்லோயாத் தோட்டத்தில் வேலைநிறுத்தத்தின்போது பொலிசார் சுட்டதிற் கோவிந்தன் என்னும் தொழிலாளி உயிர்நீத்தார். சுதந்திரம் வந்த 1948ஆம் ஆண்டிலேயே குடியுரிமைச் சட்டம் இம்மக்களுட் பெரும்பாலோரை நாடற்றோராக்கியது. அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் பறிபோயிற்று. எஞ்சிய நாடற்றோர்க்குக் குடியுரிமை வழங்கும் சட்டம் 2003இலேயே நிறைவேறியது. 1977ஆம் ஆண்டு வன்செயல்களின் பின் மலையகத்தை விட்டு நீங்கியோருட் பலர் வவுனியாவிலும் நம் மட்டக்களப்பிலும் குடியேறினர்.

ஆதலின் இவ்வரலாறு நமக்கு அயலார் கதையன்று. எழுவான்கரையிலிருந்து வாவியைக் கடந்து படுவான்கரை வயல்களுக்குச் சென்ற முல்லைக்காரரும் போடியாரிடம் நெல்லை முன்கூட்டிப் பெற்று, அறுவடையின்போது களத்திலேயே கணக்குத் தீர்த்தவரே. கடனைக் கழித்து எஞ்சியது எவ்வளவு என்பதை நம் முதியோர் அறிவர். எனினும் முல்லைக்காரர் சொந்த ஊரில், சொந்தச் சுற்றத்தின் நடுவே வாழ்ந்தனர்; மறுபோகத்தில் வேறொரு போடியாரை நாடவும் இயன்றது. துண்டு அவர் கையிலும் இருந்திருப்பின் அவர் நிலை என்னாகியிருக்கும் என எண்ணிப் பார்த்தல் தகும்.

இன்று நம் ஊர்ப் பெண்கள் வீட்டுவேலைக்காக மத்திய கிழக்கு நாடுகளுக்குச் செல்கின்றனர். புறப்படுமுன் முகவர் அவர் குடும்பத்தாரிடம் ஒரு தொகையைக் கொடுக்கும் வழக்கமும் உண்டு. வேலை தாங்காது இடையில் திரும்ப விரும்பினால், அத்தொகையைத் திருப்பிக் கொடு என்ற குரல் எழுகின்றது. கங்காணியின் முற்பணத்தை அறிந்தவர்க்கு இது புதிதாகத் தோன்றாது. கொடுக்கும் கை உறவினன் கையாயினும், அயலவன் கையாயினும், உழைக்கப் போகுமுன் பெறும் பணத்திற்கு என்ன கணக்கு எழுதப்படுகின்றது என்று கேட்டறிதல் வேண்டும். கையொப்பமிடும் தாளைத் தாய்க்கும் தமக்கைக்கும் வாசித்துக் காட்ட நம் மாணாக்கர் ஒவ்வொருவராலும் இயலும். துண்டில் எழுதியிருந்ததை வாசிக்க இயலாமையே அன்று அம்மக்களைக் கட்டிவைத்த கயிற்றின் ஒரு புரியாயிருந்தது. அப்புரியையேனும் அறுத்தெறிதல் கல்வி கற்றார் கடமையாகும்.