வீட்டு பாய்லருக்கு இன்ஸ்பெக்டர் யார்?



மார்கழி வந்துவிட்டால் நம் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான்: "நல்ல எலக்ட்ரீசியன் நம்பர் யாரிடமாவது இருக்கிறதா? கீசர் வேலை செய்யவில்லை." நம்பர் கிடைத்துவிடும். கோளாறு என்ன என்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை. வெந்நீர்க் கருவியின் கதையையும், அதன் கோளாறுகளைக் கண்டறியும் வழியையும் இந்த இதழில் எழுதலாம் என்று தோன்றியது.

ஊரின் பெயரும் ஒரு சட்டமும்

நம் ஊரின் பெயர் தீப்பெட்டியால் வந்தது என்பது பலருக்குத் தெரியும். ஸ்வீடன் நாட்டுத் தீப்பெட்டி நிறுவனம் இந்தியாவில் 1923-இல் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியின் சுருக்கமே 'விம்கோ'. அதே 1923-இல்தான் இந்திய பாய்லர்கள் சட்டமும் வந்தது. இரண்டுக்கும் தொடர்பில்லை. ஆனால் ஆலைகளை நம்பி வளர்ந்த திருவொற்றியூர், எண்ணூர் பகுதியில் இரண்டுமே பலருக்கும் பழக்கமான பெயர்கள்.

அந்தச் சட்டத்துக்கு ஒரு முன்கதை உண்டு. 1863-இல் கல்கத்தாவில் ஒரு பாய்லர் வெடித்துப் பல உயிர்கள் போயின. அடுத்த ஆண்டே வங்காளத்தில் பாய்லர்களை ஆய்வு செய்யச் சட்டம் போட்டார்கள். மற்ற மாகாணங்களும் தனித்தனியே சட்டம் செய்தன. எல்லாவற்றையும் ஒன்றாக்கியதுதான் 1923-ஆம் ஆண்டுச் சட்டம். 2025-இல் அதன் இடத்தில் புதிய சட்டம் வந்துவிட்டது. அடிப்படை மாறவில்லை: அழுத்தத்தில் நீராவி தயாரிக்கும் கொதிகலனைச் சோதித்துச் சான்று தந்தால்தான் இயக்கலாம். நம் குடியிருப்பில் ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்களைக் கேளுங்கள். பாய்லர் இன்ஸ்பெக்டர் வரும் நாள் ஆலையில் எப்படி இருக்கும் என்று சொல்வார்கள்.

வீட்டுக் கீசர் நீராவி தயாரிப்பதில்லை. ஆகவே அது சட்டத்துக்கு வெளியே. சோதிக்க யாரும் வருவதில்லை.

செப்பு பாய்லர் காலம்

கீசருக்கு முன்பு நம் வீடுகளில் இருந்தவை வெந்நீர்த் தவலையும் செப்பு பாய்லரும். பாய்லரின் நடுவே ஒரு குழாய், அதில் கரியும் விறகுச் சிராயும், சுற்றிலும் தண்ணீர், மேலே புனல், பக்கத்தில் குழாய். கீழே சாம்பல் தட்டு.

அதன் பெரிய வசதி, கோளாறு கண்ணுக்குத் தெரியும் என்பது. புகை மேலே போகவில்லை என்றால் நடுக்குழாயில் கரி அடைத்திருக்கிறது. அடியில் ஒழுகினால் பற்றவைத்த இடம் விட்டிருக்கிறது. தண்ணீர் ஊற்றாமல் தீ மூட்டினால் அந்தப் பற்றவைப்பு இளகிவிடும். வீட்டுப் பெரியவர்கள் "முதலில் தண்ணீர், பிறகு நெருப்பு" என்று கண்டித்தது இதற்காகத்தான். புளி போட்டுத் தேய்த்ததும் அழகுக்காக மட்டும் அல்ல. புளியின் அமிலம் செம்பின் களிம்பையும் உப்புப் படிவையும் கரைக்கும்.

கீசர் வந்த வழி

கீசர் என்ற சொல் ஐஸ்லாந்து நாட்டு வெந்நீர் ஊற்றின் பெயர். 1868-இல் லண்டனில் பெஞ்சமின் வாடி மாகன் என்பவர் எரிவாயுவால் உடனுக்குடன் தண்ணீரைச் சுடவைக்கும் கருவி ஒன்றை அமைத்து, அதற்கு இந்தப் பெயரை வைத்தார். அதில் புகை வெளியேறக் குழாய் கிடையாது. மூடிய குளியலறையில் அது ஆபத்து. அந்த ஆபத்து இன்றும் தீரவில்லை. காற்றோட்டமில்லாத குளியலறையில் கேஸ் கீசர் எரிந்தால் கார்பன் மோனாக்சைடு சேரும். அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. 1889-இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் எட்வின் ரூட் தானாக இயங்கும் சேமிப்புக் கீசரை உருவாக்கினார். நாம் இன்று மாட்டியிருக்கும் தொட்டிக் கீசர் அந்த வழியில் வந்தது.

சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது 1895-இல். 1970-இல் எண்ணூர் அனல்மின் நிலையம் வந்தது, 2017-இல் மூடப்பட்டது. மின்சாரம் பக்கத்திலேயே உற்பத்தியானாலும், நடுத்தர வீடுகளில் வெகுகாலம் இம்மர்ஷன் ராடும் பிளாஸ்டிக் வாளியும்தான். தொட்டிக் கீசர் பரவலானது பிறகுதான்.

நம் தண்ணீர்

வட சென்னையில் கீசரின் முதல் எதிரி தண்ணீர். மீஞ்சூர்ப் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி எடுத்ததால் கடல்நீர் உட்புகுவது 1960-களிலேயே தெரியவந்தது. 2010 ஜூலையில் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் வந்தது. ஆனாலும் அடுக்ககங்களில் போர் தண்ணீர், லாரித் தண்ணீர், மெட்ரோ தண்ணீர் மூன்றும் ஒரே சம்ப்பில் கலக்கின்றன. கடினநீர் சூடானால் சுண்ணாம்பு படியும். உப்பு, உலோகத்தை அரிக்கும்.

இந்த அரிப்புக்கு மருந்து கண்டவர் ஹம்ப்ரி டேவி. பிரிட்டிஷ் கடற்படைக் கப்பல்களின் அடியில் போர்த்திய செப்புத் தகடு கடல்நீரில் அரித்துப்போனது. 1824-இல் அவர் தகட்டோடு துத்தநாகம், இரும்புத் துண்டுகளைச் சேர்த்தார். துண்டு கரைந்தது, செம்பு பிழைத்தது. (செம்பு கரையாததால் கப்பலடியில் சிப்பியும் பாசியும் ஒட்டிக்கொண்டன என்பது தனிக் கதை.) நம் கீசருக்குள் இருக்கும் மெக்னீசியக் கம்பி அதே வேலையைச் செய்கிறது. தொட்டிக்குப் பதிலாக அது கரைகிறது. முழுதும் கரைந்தபின் மாற்றாவிட்டால், அடுத்தது தொட்டிதான்.

கோளாறு பார்க்கும் முறை

வங்கியில் டிரையல் பேலன்ஸ் பொருந்தவில்லை என்றால் எல்லா லெட்ஜரையும் புரட்டமாட்டோம். முதலில் வித்தியாசத்தைப் பார்ப்போம். அது 9-ஆல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். கீசரிலும் அடையாளம் பார்த்துத்தான் இறங்க வேண்டும். வெளியிலிருந்து நாம் கவனிக்க வேண்டியவை இவை:

* விளக்கே எரியவில்லை: எம்சிபி, சுவிட்ச், பிளக். மின்சாரம் வரை வந்தும் எரியாவிட்டால், அதிகச் சூட்டில் துண்டிக்கும் கட்-அவுட் விழுந்திருக்கலாம். அது ஏன் விழுந்தது என்று பாராமல் அழுத்திவிடக் கூடாது.

* விளக்கு எரிகிறது, தண்ணீர் சுடவில்லை: எலிமென்ட் அறுந்திருக்கலாம். 2000 வாட் எலிமென்ட்டை மீட்டரில் பார்த்தால் சுமார் 26 ஓம் காட்ட வேண்டும்.

* தாமதமாகச் சுடுகிறது: 15 லிட்டரை 28 டிகிரியிலிருந்து 60-க்குக் கொண்டுவர 2000 வாட்டில் சுமார் 17 நிமிடம் ஆகும். மின்னழுத்தம் 230-லிருந்து 180 வோல்ட்டுக்கு இறங்கினால் அதுவே 27 நிமிடத்தைத் தாண்டும். கீசரைக் குறைசொல்லும் முன் வோல்டேஜைப் பாருங்கள்.

* உள்ளே பொரிவது போன்ற சத்தம்: எலிமென்ட்டில் சுண்ணாம்பு. நீராவி எஞ்சின் பாய்லர்களைக் குறித்த நாளில் கழுவியதும் இதற்காகத்தான்.

* வால்வில் சொட்டு: சூடாகும்போது மட்டும் சொட்டினால் கவலை வேண்டாம். 15 லிட்டர் தண்ணீர் சூட்டில் ஏறக்குறைய 200 மில்லி, அதாவது ஒரு டம்ளர், விரியும். எப்போதும் ஒழுகினால் வால்வோ, நீரழுத்தமோ சரியில்லை. எந்த நிலையிலும் அந்த வாயை அடைக்கக் கூடாது.

* போட்டவுடன் ஆர்சிசிபி விழுகிறது, அல்லது குழாயில் ஷாக்: எலிமென்ட்டின் உறை வெடித்து மின்சாரம் தண்ணீருக்குள் கசிகிறது. மெயினை அணைத்துவிடுங்கள். "ஆர்சிசிபி தொந்தரவு" என்று அதைக் கழற்றச் சொல்பவர் பேச்சைக் கேட்காதீர்கள்.

மூடியைத் திறப்பது எலக்ட்ரீசியன் வேலை. அடையாளத்தைச் சொல்வது நம் வேலை. அப்படிச் சொன்னால் தேவையில்லாத பாகத்தை மாற்றிக் காசு வாங்குவது குறையும்.

ஒரு வேண்டுகோள்

ஆலை பாய்லருக்குப் பதிவேடு உண்டு. நம் வீட்டு கீசருக்கும் ஒன்று வேண்டும். கீசர் மாட்டிய தேதி, மெக்னீசியக் கம்பியும் வால்வும் கடைசியாகப் பார்த்த தேதி, ஆர்சிசிபி இருக்கிறதா என்பது: இந்த விவரங்களை வீடுவாரியாகச் சங்க அலுவலகத்தில் ஒரு நோட்டில் எழுதிவைக்கலாம். ஆண்டுக்கு ஒருமுறை, ஐப்பசி மழைக்கு முன், ஒரே எலக்ட்ரீசியனை அழைத்து எல்லா வீட்டையும் பார்க்கச் செய்தால் செலவும் குறையும். குறிப்பாகத் தனியே வசிக்கும் முதியவர்கள் வீட்டிலும், வாடகைதாரர்கள் மாறிமாறி வரும் வீட்டிலும் இது அவசியம். அங்கே கீசர் எப்போது மாட்டியது என்று யாருக்கும் தெரிவதில்லை.

அடுத்த பொதுக்குழுவில் இதை எடுத்துக்கொள்ளுமாறு செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். நோட்டுப் போட்டு, பத்தி பிரித்து, வரவு வைக்கும் வேலையை நானே ஏற்றுக்கொள்கிறேன்.