வாசலில் ஒரு வளையம்

சில வருடங்களுக்கு முன், ஒரு டிசம்பர் மாதம். எங்கள் அபார்ட்மென்ட்டில் இரண்டாவது மாடிக்குப் புதிதாகக் குடிவந்த குடும்பம், கதவில் பச்சைப் பசேலென்று ஒரு வளையத்தை மாட்டியிருந்தது. சிவப்பு ரிப்பன், நடுவில் குட்டி மணி. ஊரிலிருந்து வந்திருந்த என் பெரியம்மா படியேறும்போது அதைப் பார்த்துத் திடுக்கிட்டுவிட்டார். மெள்ள என் காதருகே வந்து, "பாவம்டா... யாரு போயிட்டாங்க? விசாரிச்சியா?" என்றார்.

"ஐயோ பெரியம்மா, அது கிறிஸ்துமஸ் அலங்காரம்!"

"அதுக்கு மலர்வளையத்தையா மாட்டுவாங்க?"

பெரியம்மாவைச் சொல்லிக் குற்றமில்லை. நமக்கு வாசல் என்றால் மாவிலைத் தோரணம். வளையம் என்றால் 'மலர்வளையம் வைத்து அஞ்சலி'. அப்புறம் எப்படி உலகத்தின் பாதி பேர் அதே வளையத்தைச் சந்தோஷமாக வீட்டுக் கதவில் மாட்டுகிறார்கள்?

கதை கிரேக்கத்தில் ஆரம்பிக்கிறது. பழைய ஏதென்ஸ் நகரத்தில் ஒரு வீட்டுக் கதவில் ஆலிவ் இலை வளையம் தொங்கினால், அந்த வீட்டில் ஆண் குழந்தை பிறந்திருக்கிறது என்று அர்த்தம். பெண் குழந்தை என்றால் கம்பளி நூல். (நூல் நூற்கப் போகிறவள் என்று பிறந்த அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார்கள்!) ஆக, வாசல் வளையம் முதலில் அறிவித்தது சாவை அல்ல, பிறப்பை.

ரோமானியர்கள் இதை அரசியலாக்கினார்கள். போர்க்களத்தில் சக குடிமகனின் உயிரைக் காப்பாற்றியவனுக்கு ஓக் இலைகளால் கட்டிய ஒரு வளையத்தைத் தலையில் சூட்டுவார்கள். வெறும் இலைதான். ஆனால் அதை அணிந்தவன் விளையாட்டு அரங்கத்துக்குள் நுழைந்தால் செனட்டர்கள் உட்பட அத்தனை பேரும் எழுந்து நிற்க வேண்டும். கி.மு. 27-ல், அகஸ்டஸ் என்ற பட்டத்தை வழங்கிய கையோடு, செனட் இதே ஓக் வளையத்தை அவருடைய வீட்டு வாசலுக்கு மேலே நிரந்தரமாக மாட்ட உத்தரவிட்டது. 'குடிமக்களின் உயிரைக் காத்தவர்' என்பது காரணம். பதினாறு வருடங்களுக்கு முன்னால் இதே மனிதர் கூட்டாளிகளோடு உட்கார்ந்து, கொல்லப்பட வேண்டியவர்களின் பட்டியல் தயாரித்தவர். பேச்சாளர் சிசரோவின் தலை போனது அந்தப் பட்டியலில்தான். எல்லாவற்றையும் ஒரு இலை வளையம் மூடி மறைத்துவிட்டது. வாசல் அலங்காரத்தில் இத்தனை அரசியல்!

வாசலுக்கு இருபுறமும் லாரல் மரங்களும் வைத்தார்கள். லாரல் என்றால் வேறொன்றுமில்லை, நம் பிரிஞ்சி இலையின் தூரத்து உறவு.

பார்த்தார்கள் ஜனங்கள். விசேஷ நாட்களில் அவரவர் வீட்டுக் கதவிலும் லாரல் ஏறியது. கி.பி. 200-ஐ ஒட்டி, வட ஆப்பிரிக்காவில் டெர்டுல்லியன் என்ற கிறிஸ்தவ எழுத்தாளர் இதைப் பார்த்துக் கொதித்துப் போனார். வாசலில் விளக்கு, லாரல் எல்லாம் பொய்த் தெய்வங்களின் சமாசாரம், அதில் கிறிஸ்தவனுக்கு என்ன வேலை என்று வெளுத்து வாங்கினார். இன்றைக்கு டிசம்பர் மாதத் தெருக்களைப் பார்த்தால் மனிதர் என்ன சொல்லியிருப்பாரோ!

இனி ஒரே தாவாகத் தாவி ஜெர்மனிக்குப் போவோம். ஏனென்றால், எனக்குப் பிடித்த வளையம் அங்கேதான் இருக்கிறது.

ஹாம்பர்க் நகரம். யோஹான் ஹின்ரிஷ் விஷர்ன் என்ற இளைஞர். ஞாயிறு பள்ளி நடத்தப்போன இடத்தில், சேரிக் குழந்தைகள் எந்த நிலைமையில் இருக்கிறார்கள் என்று பார்த்துவிட்டார். தூக்கம் போய்விட்டது. 1833-ல், 25 வயதில், நகரத்துக்கு வெளியே ஒரு பழைய வீட்டில் 'ரவுஹெஸ் ஹவுஸ்' என்ற இல்லத்தைத் தொடங்கினார். 'கரடுமுரடு வீடு' என்று சொல்லலாம். வந்து சேர்ந்தவர்கள் தெருவில் திரிந்த பையன்கள், திருடி மாட்டியவர்கள், யாருக்கும் வேண்டாதவர்கள். சீர்திருத்தப்பள்ளி மாதிரி மதில்சுவர் எழுப்பாமல், சிறு சிறு குடும்பங்களாகப் பிரித்து வளர்த்தார்.

அந்தப் பிள்ளைகளுக்கு டிசம்பர் வந்தால் ஒரே நச்சரிப்பு. "கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை நாள்?" தினமும் இதே கேள்வி. 1839-ல் விஷர்ன் ஒரு வழி கண்டுபிடித்தார். பெரிய மர வளையம் ஒன்றைக் கூடத்தில் தொங்கவிட்டார். பழைய வண்டிச் சக்கரம் என்றும் சொல்வார்கள். அதன் மேல் இருபது சின்னச் சிவப்பு மெழுகுவத்திகள், நான்கு பெரிய வெள்ளை மெழுகுவத்திகள். நாளுக்கு ஒன்று ஏற்ற வேண்டும். சாதாரண நாளுக்குச் சிவப்பு, ஞாயிறுக்கு வெள்ளை. அந்த வருடம் டிசம்பர் 1 சரியாக ஞாயிற்றுக்கிழமை, அதனால் மொத்தம் 24.

எண்ணத் தெரியாத பையனும் அண்ணாந்து பார்த்தால் போதும். இன்னும் எத்தனை நாள் என்பது தெரிந்துவிடும். 'நாளைக்கு வா' என்று விரட்டப்பட்டே வளர்ந்த பிள்ளைகளுக்கு, சொன்ன நாளில் சொன்னது நடக்கும் என்று ஒருவர் விளக்கேற்றிக் காட்டியிருக்கிறார்!

பின்னால் அந்த வளையத்தில் ஊசியிலைக் கிளைகளைச் சுற்றினார்கள். வண்டிச் சக்கரம் எல்லார் வீட்டுக்குள்ளும் நுழையுமா? வளையம் சுருங்கி, மெழுகுவத்தி நான்காகி, மேஜைக்கு வந்தது. புரொட்டஸ்டன்ட்காரர் ஆரம்பித்ததாயிற்றே என்ற தயக்கமெல்லாம் தீர்ந்து, 1925-ல் கொலோன் நகரின் ஒரு கத்தோலிக்க தேவாலயத்திலும் ஏறிவிட்டது.

கட்டுவது எப்படி? பூக்கட்டுகிறவர்களின் விரலைக் கவனித்தவர்களுக்கு இது சுலபம். வைக்கோலிலோ கம்பியிலோ ஒரு வளையம். ஒரு சாண் நீளத்துக்கு நறுக்கிய கிளைகளை மூன்று நான்காகச் சேர்த்துக் கொத்தாக்கி, வளையத்தின் மேல் வைத்து மெல்லிய கம்பியால் இறுக்கிச் சுற்ற வேண்டும். அடுத்த கொத்தின் இலை, முந்தின கொத்தின் காம்பை மறைக்க வேண்டும். எல்லாம் ஒரே திசையில். கடைசிக் கொத்தின் காம்பை முதல் கொத்தின் இலைக்கு அடியில் செருகிவிட்டால், எங்கே தொடங்கினோம் என்று கட்டியவருக்கே தெரியாது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் காட்டுக்குள் போய் பால்சம் ஃபர் மரத்தின் நுனிகளைக் கையால் ஒடித்து வந்து விற்பது பல குடும்பங்களுக்குக் குளிர்கால வருமானம். நல்ல உறைபனி சில தடவை விழுந்த பிறகுதான் ஒடிப்பார்கள். அவசரப்பட்டால் ஊசியிலை கொட்டிவிடும்.

கடைசியாக, பெரியம்மாவுக்கு நியாயம் செய்யவேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில், விக்டோரியா மகாராணி காலத்தில், இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் கதவில் கறுப்பு ரிப்பன் கட்டிய வளையம் தொங்கினால் அது துக்க வீடு. வந்தவர்கள் மணியடிக்காமல் மெள்ளத் தட்ட வேண்டும். அதே கதவு, அதே வளையம். ரிப்பனின் நிறம்தான் வேறு. நம் ஊர் மலர்வளையமும் வெள்ளைக்காரர்கள் வழியாக வந்து சேர்ந்ததுதான்.

இதைச் சொன்னதும் பெரியம்மா முகத்தில் ஒரு வெற்றிப் புன்னகை. "பார்த்தியா! சரி, காய்ஞ்சப்புறம் அதை என்ன பண்ணுவாங்க?"

கிரேக்கத்தில் மே முதல் தேதி பூ வளையம் கட்டிக் கதவில் மாட்டுவார்கள். ஜூன் 24 நெருங்கும்போது அது சருகாகியிருக்கும். தெருவில் தீ மூட்டி அதில் போட்டுவிட்டு, சின்னஞ்சிறுசுகள் அந்தத் தீயைத் தாண்டிக் குதிப்பார்கள் என்றேன்.

"அட, போகி!" என்றார் பெரியம்மா.