ஏடும் ஓடையும்: இணையவழி ஒலி, ஒளி வழங்கலின் வரலாறு

முன்னுரை

அச்சுக்கலை பரவுமுன் ஒரு நூல் தன்னை நாடியவரைச் சென்றடைய இருவழிகள் இருந்தன. சுவடியைப் பெயர்த்தெழுதி ஏட்டையே கையில் கொடுத்துவிடுவது ஒருவழி. அவையில் ஒருவர் படிக்க, மற்றவர் அமர்ந்து கேட்பது பிறிதொருவழி. முன்னதில் பெற்றவரிடம் பொருள் தங்கும். பின்னதில் கேட்டவரிடம் நினைவு தங்கும். ஏடு காலந்தாழ்த்தி வரினும் முழுமையாக வரும். படிப்போ அந்நேரத்திலேயே நிகழ்ந்து அந்நேரத்திலேயே முடிந்துவிடும்.

இணையத்தின் வழியாகப் பாட்டையும் பேச்சையும் படத்தையும் அனுப்ப முற்பட்டபோது பொறியியலார் முன் நின்றவையும் இவ்விருவழிகளே. கோப்பை எடுத்துக் கொடுக்கும் கணிப்பொறியை ‘வெப் சர்வர்’ என்பர். தமிழில் வலை வழங்கி எனலாம். கோப்பைக் கொடாமல் ஒலியையும் ஒளியையும் கணந்தோறும் ஒழுகவிடும் கணிப்பொறியை ‘ஸ்ட்ரீமிங் சர்வர்’ என்பர். இதனை ஓடை வழங்கி எனலாம். இவ்விரண்டனுள் எதைத் தேர்வது என்னும் வினா 1995 முதல் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் இணைய உலகை அலைக்கழித்தது. அவ்வினா தீர்ந்த வரலாற்றையும், குரலைக் காத்து வைக்க விழையும் நம்போன்ற இலக்கிய வட்டத்தார்க்கு அது உணர்த்தும் பாடத்தையும் இக்கட்டுரை சுருங்க ஆராய்கிறது.

வலை வழங்கியின் இயல்பு

ஜெனீவாவை அடுத்த செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ 1990ஆம் ஆண்டின் இறுதியில் முதல் வலை வழங்கியை இயக்கினார். ஆய்வாளர்கள் தம் ஆவணங்களைப் பகிர்ந்துகொள்வதே அதன் நோக்கம். ஆதலின் அதன் நெறிமுறையாகிய எச்டிடிபி மிக எளியது. கேட்டவர்க்குக் கேட்ட கோப்பைக் கொடுக்கும். கொடுத்தபின் கேட்டவரை மறந்துவிடும்.

எச்டிடிபிக்கு அடித்தளமாக நின்றது டிசிபி என்னும் நெறிமுறை. கோப்பு சிறு பொதிகளாகப் பிரிந்து பயணம் செய்யும். வழியில் ஒரு பொதி தவறினால் டிசிபி அதனை மீண்டும் அனுப்பச் செய்து, வரிசை பிறழாமல் கோத்துத் தரும். எழுத்துக்கு இது இன்றியமையாதது. ஒரு சீர் விடுபட்டால் வெண்பா தளை தட்டுமன்றோ! ஆனால், பாடிக்கொண்டிருக்கும் பாட்டுக்கு இவ்வொழுங்கே இடையூறாகும். தவறிய ஒரு துளி ஒலி திரும்பி வரும்வரை பாட்டு முழுவதும் காத்து நிற்க வேண்டும். இசையில் காலங்கடந்து வரும் ஒலி, வராத ஒலிக்கு நிகரே.

அன்றைய தொலைபேசி இணைப்பின் விரைவும் எண்ணிப் பார்க்கத்தக்கது. குறுந்தகட்டின் தரத்தில் ஒலியை அனுப்ப வினாடிக்கு ஏறத்தாழ 1,411 கிலோபிட் தேவை. 1990களின் நடுப்பகுதியில் பல இல்லங்களில் இருந்த மோடம் வினாடிக்கு 14.4 கிலோபிட்டையே கடத்தியது. ஆகவே, ஒரு நிமிடப் பாட்டைச் சுருக்காமல் இறக்கிக்கொள்ள ஒன்றரை மணி நேரத்திற்கு மேல் காத்திருக்க வேண்டும்.

ஓடை வழங்கியின் தோற்றம்

1993ஆம் ஆண்டு ஜூன் 24ஆம் நாள், கலிபோர்னியாவின் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்தில் ‘சிவியர் டயர் டேமேஜ்’ என்னும் இசைக்குழுவினர் வாசித்த இசை எம்போன் என்னும் ஆய்வு வலையமைப்பின் வழியே பிற நாடுகளிலும் உடனுக்குடன் கேட்கப்பட்டது. அக்குழுவினர் கணிப்பொறித் துறையைச் சார்ந்தவர்கள். மறு ஆண்டு நவம்பரில் புகழ்பெற்ற ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் நிகழ்ச்சி ஒன்றின் பகுதியும் அவ்வழியே சென்றது. ஆயினும் எம்போன் ஆய்வாளர்க்கே உரியதாய் இருந்தது. இல்லங்களை அது எட்டவில்லை.

இல்லங்களை எட்டியவர், மைக்ரோசாப்ட் நிறுவனத்திலிருந்து விலகி 1994இல் சியாட்டில் நகரில் புது நிறுவனம் தொடங்கிய ராப் கிளேசர். அந்நிறுவனம் 1995 ஏப்ரலில் ‘ரியல் ஆடியோ’வை வெளியிட்டது. அவ்வாண்டு செப்டம்பர் 5ஆம் நாள் சியாட்டில் மரைனர்ஸ், நியூயார்க் யாங்கீஸ் அணிகளிடையே நடந்த பேஸ்பால் ஆட்டத்தின் வருணனை இணையத்தில் நேரடியாக ஒலித்தது. ஒலித்தரம் பழைய வானொலிக்கும் தாழ்ந்ததே. எனினும் காத்திராமல் கேட்கும் வியப்பு அக்குறையை மறைத்தது. 1997இல் ‘ரியல் வீடியோ’ வந்தது; நிறுவனமும் ரியல் நெட்வொர்க்ஸ் எனப் பெயர் மாறியது. மைக்ரோசாப்டும் ஆப்பிளும் தத்தம் ஓடை வழங்கிகளைக் கொணர்ந்தன.

இவற்றுக்கெல்லாம் பொதுவிலக்கணம் வகுக்கும் முயற்சியும் நடந்தது. ஒலி, ஒளிப் பொதிகளைக் கடத்தும் ஆர்டிபி நெறிமுறை 1996இலும், நிறுத்து, தொடர், தாவு எனக் கட்டளையிட உதவும் ஆர்டிஎஸ்பி நெறிமுறை 1998இலும் வெளியாயின. பின்னதனை வகுத்தவர்கள் கொலம்பியா பல்கலைக்கழகத்தையும் நெட்ஸ்கேப், ரியல் நெட்வொர்க்ஸ் நிறுவனங்களையும் சார்ந்தவர்கள்.

இரண்டன் நிறையும் குறையும்

ஓடை வழங்கியின் சிறப்புகள் பல. அது கேட்பவர் ஒவ்வொருவரையும் தனித்தனியே நினைவிற் கொள்ளும். பாட்டு எந்த விரைவில் ஒலிக்க வேண்டுமோ அந்த விரைவிலேயே அனுப்பும். கேட்பவர் எழுந்து சென்றால் அனுப்புவதை நிறுத்தும், அலைவரிசை வீணாகாது. இரண்டு மணி நேரச் சொற்பொழிவின் நடுப்பகுதிக்கு உடனே தாவலாம். இணைப்பின் வலிமைக்கேற்பத் தரத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆற்றலும் 1998 அளவில் அதற்கு வாய்த்தது. பொதி தவறினால் திரும்பக் கேளாத யுடிபி நெறிமுறையில் அது பயணம் செய்யும். கேட்பவர் கணிப்பொறியில் முழுக்கோப்பும் தங்குவதில்லை. உரிமையாளர்கள் இதனை ஒரு பாதுகாப்பாகவே கருதினர்.

குறைகளும் அச்சிறப்புகளிலிருந்தே பிறந்தன. ஒவ்வொருவரையும் நினைவிற் கொள்ளும் கணிப்பொறி, ஆயிரவர் ஒருங்கே வந்தால் திணறும். வணிக ஓடை வழங்கிகளின் விலையும் ஒரே நேரத்தில் கேட்போர் தொகைக்கேற்ப உயர்ந்தது. அவை பெருகினால் செலவும் பெருகும். மேலும், அலுவலகங்களும் கல்வி நிறுவனங்களும் அமைத்த ‘ஃபயர்வால்’ என்னும் காப்பரண்கள் வலைப்பக்கங்களுக்குரிய வாயிலை மட்டும் திறந்துவைத்து, ஓடைக்குரிய வாயில்களை அடைத்தன. 1999 பிப்ரவரியில் அமெரிக்க ஆடை நிறுவனம் ஒன்றின் அணிவகுப்பு இணையத்தில் ஒளிபரப்பானபோது, காண முயன்றவர் பலர் கூட்ட நெரிசலால் காண இயலாது திரும்பினர்.

வலை வழங்கியின் நிலை இதற்கு மறுதலை. 1995இல் தோன்றிய அப்பாச்சி என்னும் வலை வழங்கி மென்பொருள் விலையின்றிக் கிடைத்தது. யாவர்க்கும் ஒரே கோப்பு; ஆகவே அதன் படிகளை ஊர்தோறும் இடைச்சேமிப்புக் கணிப்பொறிகளில் வைத்து அண்மையிலிருந்தே கொடுக்கலாம். 1998இல் தோன்றிய அக்கமாய் நிறுவனம் இக்கருத்தையே தொழிலாக்கிப் பெருவளர்ச்சி கண்டது. முழுக்கோப்பும் வந்து சேருமுன்னரே, வந்த பகுதியை ஒலிக்கச் செய்யும் உத்தியும் வழக்கிற்கு வந்தது. இதற்குக் கோப்பின் அகவரிசைக் குறிப்பு முகப்பில் இருத்தல் வேண்டும். சில வகைக் கோப்புகளில் அது இறுதியில் அமைந்துவிட்டால், பொருளடக்கத்தைக் கடைசி ஏட்டில் வைத்த சுவடி போல, முழுவதும் வரும்வரை காத்திருக்க நேரும். ஆயினும் நேரலையை இவ்வழியில் தருவது அரிது. கேட்பவர் பாதியில் எழுந்து சென்றாலும் கோப்பு வந்துகொண்டே இருக்கும்.

ஆகவே அந்நாளில் அறிஞர் கூறிய அறிவுரை தெளிவானது: சிறிய பதிவுகளுக்கு வலை வழங்கி; நீண்ட பதிவுகளுக்கும் நேரலைக்கும் பெருங்கூட்டத்திற்கும் ஓடை வழங்கி.

பொதுவழியின் வெற்றி

இவ்வறிவுரையை வரலாறு பின்பற்றவில்லை. 2005ஆம் ஆண்டு ஏப்ரல் 23ஆம் நாள் தன் முதல் காணொளியை ஏற்றுக்கொண்ட யூடியூப், ஓடை வழங்கியை நாடாமல், எளிய எச்டிடிபி வழியாகவே கோப்புகளைக் கொடுத்தது. ஃபிளாஷ் பிளேயர் பெரும்பாலான கணிப்பொறிகளில் முன்னரே இருந்தமையால் பார்ப்பவர் புதிதாக எதையும் நிறுவ வேண்டியிருக்கவில்லை. பெருங்கூட்டத்திற்கு ஓடையே தகும் என்ற கருத்து உலகத்தின் மிகப் பெருங்கூட்டத்தின் முன் பொய்த்தது.

எனினும் ஓடை வழங்கியின் அறிவு அழிந்துவிடவில்லை. அது இடம் மாறியது. ஒரு நிகழ்ச்சியைச் சில வினாடிகள் கொண்ட துண்டுகளாக நறுக்கி, ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் செய்து, சாதாரணக் கோப்புகளாக வலை வழங்கியில் வைத்துவிட்டால் என்ன என்று சிலர் எண்ணினர். மைக்ரோசாப்ட் 2008இலும் ஆப்பிள் 2009இலும் இவ்வகை முறைகளை அறிவித்தன. ஆப்பிளின் முறை எச்எல்எஸ் எனப்படும். எந்தத் துண்டுக்குப் பின் எந்தத் துண்டு என்று கூறும் பட்டியல் ஒன்று அதில் உண்டு. கேட்பவரிடமுள்ள பிளேயரே இணைப்பின் வலிமையை அளந்து, தனக்கேற்ற தரத்துத் துண்டைக் கேட்டுப் பெறும். 2012இல் டாஷ் என்னும் பன்னாட்டுத் தரமும் வெளியாயிற்று. வழங்கி முன்போலவே கொடுத்து மறக்கிறது; நினைவும் தேர்வும் கேட்பவர் பக்கம் வந்துவிட்டன.

வென்ற வலை வழங்கியும் மாறாமல் நிற்கவில்லை. 2022இல் தரமாக அறிவிக்கப்பட்ட எச்டிடிபி மூன்றாம் பதிப்பு, ஒரு காலத்தில் ஓடைக்கே உரியதாயிருந்த யுடிபியின் மேல் அமைந்துள்ளது என்பது குறிப்பிடத்தக்கது.

ஓடைக்கே உரிய இடம்

துண்டாக்கிய ஓடையால் ஆகாத செயலும் உண்டு. எச்எல்எஸ் முறையின் தொடக்க நாளில் ஒரு துண்டு பத்து வினாடி கொண்டதாய் இருந்தது; சில துண்டுகளைத் தேக்கிக்கொண்டே பிளேயர் இயங்கும். ஆகவே நிகழ்ச்சி ஏறத்தாழ அரை நிமிடம் பின்தங்கியே தெரியும். சொற்பொழிவு கேட்பவர்க்கு இஃது ஓர் இழப்பன்று. கவியரங்கில் அமர்ந்தவர்க்கோ பேரிழப்பு. கவிஞர் ஓர் அடியை நிறுத்த, அவை ‘மீண்டும்’ என்று கேட்க, அந்தக் குரல் அரை நிமிடம் கழித்து வந்தால் அரங்கமேது? இவ்விடத்தில் உடனுக்குடன் ஒழுகும் ஓடையே தகும். 2021 ஜனவரியில் தரமாக்கப்பட்ட வெப்ஆர்டிசி முறை, பழைய ஆர்டிபி நெறிமுறையையே அடிப்படையாகக் கொண்டு இத்தேவையை நிறைவு செய்கிறது. 2020இன் பெருந்தொற்றுக் காலத்தில் தமிழ் இலக்கியக் கூட்டங்கள் பல திரைவழியே நிகழ்ந்தமைக்கும் உடனடி ஓடையின் ஆற்றலே துணை.

எஞ்சியது எது?

இவ்வரலாற்றில் நம் கருத்தை ஈர்க்க வேண்டிய பகுதி வெற்றியன்று, இழப்பே. ரியல் ஆடியோ காலத்தில் ஒரு பாட்டின் இணைப்பைச் சொடுக்கினால் ‘ராம்’ என்னும் ஒட்டுடைய சிறு கோப்பு ஒன்று வரும். அதனுள் பாட்டு இல்லை. பாட்டு இருக்கும் ஓடை வழங்கியின் முகவரி மட்டுமே உண்டு. அதனைச் சேமித்து வைத்துப் பாட்டையே சேமித்ததாக எண்ணியவரிடம், அவ்வழங்கி நின்ற நாளில் எஞ்சியது ஒற்றை வரி முகவரி மட்டுமே. ஃபிளாஷ் பிளேயரின் ஆதரவும் 2020 டிசம்பர் 31உடன் முடிவுற்றது. இன்றைய எச்எல்எஸ் பட்டியலும் துண்டுகளின் பெயர்களைத்தான் தாங்கி நிற்கிறது.

மாறாக, கோப்பாகக் கொடுக்கப்பட்டவை பிழைத்தன. 1998 பொங்கல் நாளில் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் நூல்களை யாவரும் இறக்கிக்கொள்ளும் கோப்புகளாகவே வழங்கியது. எழுத்துருக் குறியீடு டிஸ்கியிலிருந்து யூனிகோடுக்கு மாறியபோது, கோப்பு கையிலிருந்தமையால் மாற்றிக்கொள்ள முடிந்தது. உ.வே.சாமிநாதையர் 1892இல் சிலப்பதிகாரத்தையும் 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது, பல இடங்களிலிருந்து பெற்ற சுவடிகளை ஒப்புநோக்கியே பாடம் தேர்ந்தார். பெயர்த்தெழுதிக் கொடுத்தவர் பலர் இருந்தமையாலன்றோ ஒப்புநோக்கச் சுவடிகள் இருந்தன! அவையில் படிக்க மட்டும் செய்து, ஏட்டை எவர்க்கும் கொடாதிருந்தால் அவருக்குக் கிடைத்திருப்பது யாது?

நிறைவுரை

மேற்கூறியவற்றால் பின்வரும் கருத்துகள் புலனாகும். நேரலைக்கு ஓடை வேண்டும். நிலைபேற்றுக்கு ஏடு வேண்டும். ஒன்றைக் கொண்டு மற்றொன்றன் வேலையைச் செய்ய முற்படுவதே இழப்புக்கு வித்தாகிறது. பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டம் தன் கவியரங்க, உரையரங்கப் பதிவுகளை உலகிற்குத் தர எண்ணுமாயின், கூட்டம் நிகழும்போது எந்த ஓடையிலும் விடலாம். கூட்டம் முடிந்தபின் மூலப்பதிவைச் சுருக்காமல் காத்து, அதன் படியொன்றை எம்பி3 போன்ற பொதுவடிவில் எளிய வலை வழங்கியில் வைத்தல் வேண்டும். எம்பி3 வடிவின் காப்புரிமைத் தளை 2017இல் நீங்கிவிட்டது. 1996 முதல் இயங்கும் இண்டர்நெட் ஆர்க்கைவ் போன்ற பொதுக் காப்பகத்தில் மற்றொரு படியும், உறுப்பினர் இல்லங்களில் வேறு சில படிகளும் இருத்தல் நன்று. பிறர் நடத்தும் தளத்தில் மட்டும் வைத்து அதன் முகவரியைப் பாதுகாப்பது, பாட்டைப் பாதுகாப்பதாகாது.

வழங்குதல் என்னும் சொல் தமிழில் கொடுத்தலையும் குறிக்கும். உலகில் நிலவி வருதலையும் குறிக்கும். கைக்குக் கொடுக்கப்பட்டதே காலத்தில் நிலவி வரும் என்பதை முப்பதாண்டு இணைய வரலாறும் மெய்ப்பிக்கிறது. நம் கவிஞர்களின் குரல் கேட்பவர் கையில் ஏடாகவும் சென்று சேர்வதாகுக.